ஊர் பேர் தெரியாதது

வீட்டை விற்றவர் சாவியோடு தந்த காகிதத்தில்
கொதிகலனைப் பற்றி ஒரு பக்கம்,
கழிவுத் தொட்டியைப் பற்றி அரைப் பக்கம்.
மரத்தைப் பற்றி மூன்றே சொல்:
“கராஜுக்குப் பின்னால், ஆப்பிள்.”

அந்த மே மாதம்
அக்கம்பக்கமெல்லாம் பூத்துக் கொட்டிய பிறகும்
இது அசையவில்லை.
செத்துவிட்டதென்று ரம்பம் இரவல் வாங்கினேன்.
பதினோராம் தேதி விழுந்த உறைபனியில்
ஊர்ப் பிஞ்செல்லாம் கருகிப்போக,
மறு வாரம் நிதானமாக இது மொட்டவிழ்த்தது,
வெளியே சிவப்பும் உள்ளே வெள்ளையுமாக.
ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
இருபத்தாறு பிள்ளைகள், ஒவ்வொன்றின் பெயரும்
கதவை மூடுமுன் தெரிந்தாக வேண்டும்.
அந்தப் பழக்கத்தில்தான் இதையும் கேட்டேன்:
உன் பேர் என்ன?

பதில் இல்லை. வேலை மட்டும் இருந்தது.
கவட்டையில் பஞ்சு கட்டும் பேனைப்
பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தேன்.
ஜூனில் அது தானாகவே காய் கழித்தது;
மிச்சத்தில் கொத்துக்கு ஒன்று விட்டு
நானும் கழித்தேன், கணக்குத் தீர்ப்பவன் போல.
அக்டோபரில் கடித்தால் வாய் கூசும்.
செய்தித்தாளில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி
டிசம்பர் வரை பொறுத்தால்
தோல் சற்றே எண்ணெய் பூத்து,
முதலில் புளிப்பு,
பிறகு பேரிக்காய் மாதிரி ஏதோ ஒன்று,
விழுங்கியபின் ஹேசல் கொட்டை.
ஒருமுறை வேகவைத்துப் பார்த்தேன். கஞ்சி.
கடித்துத் தின்னவென்றே பிறந்தது இது.

ஐந்தைப் பையில் போட்டுக்கொண்டு லெம்ஸ்டர் போனேன்,
எழுதும்போது பத்து எழுத்துள்ள ஊர்;
ஊர்ப் பெயரே வாயில் தேய்கிறது
என்றால் பழத்தின் பெயர் எம்மாத்திரம்.
ரகம் கண்டு சொல்லும் மேசையில் டாம்சின் க்வில்லியம்,
விரல் நுனி வெட்டிய கையுறை, மூக்கில் ஜலதோஷம்.
பழத்தின் அழகான பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை.
கவிழ்த்துக் கண்ணைப் பார்த்தாள்: மூடிய கண்.
காம்பு குட்டை. குழி நிறையத் துரு.
காதருகே குலுக்கினாள், விதை கிலுகிலுத்தது.
நீளவாக்கில் அறுத்து
விதையறையைப் பார்த்தாள் நெடுநேரம்.
“காக்ஸ் இல்லை. எக்ரிமாண்ட் இல்லை.
ஆஷ்மீட் என்றால் இன்னும் சப்பையாக இருக்கும்.
இலை மூன்று அனுப்புங்கள்.”

அனுப்பினேன். ஏழு வாரம் கழித்துக் கடிதம்:
பதிவிலுள்ள எந்த ரகத்தோடும் பொருத்தம் இல்லை.
மாதிரி இருநூற்று ஏழோடு மட்டும்
முழுப் பொருத்தம்.
அதற்கும் பெயர் இல்லை.

இருநூற்று ஏழு
ப்ராம்யார்டுக்கு வெளியே ஒரு டயர் கடையின் பின்னால் நிற்கிறது.
கடைக்காரர் க்ளெம் பெடோஸ். “குதிரைக்குப் போடுவேன்,” என்றார்,
“நல்லதை நான் தின்றுவிட்டு.”
வேன் மூடியின் மேல் இரண்டையும் வைத்து அறுத்தோம்.
அதே துரு, அதே மூடிய கண்,
எது யாருடையது என்று
அறுத்த பிறகு இருவருக்கும் தெரியவில்லை.

திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில்தான் உறைத்தது.
தாயைப் போலப் பிள்ளை என்பது
ஆப்பிள் விதைக்குச் செல்லாது.
விதைத்தால் ஒவ்வொன்றும் வேறு.
ஒன்றேபோல் இரண்டு என்றால்
யாரோ கொப்பு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
யாரோ தின்று, கண்ணை மூடி,
“எனக்கும் ஒரு குச்சி கொடு” என்றிருக்கிறார்கள்.
கேட்டவர் எதையாவது சொல்லித்தானே கேட்டிருப்பார்.
பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார்.

வீட்டுக்கு வந்து டார்ச் எடுத்துப் போனேன்.
முழங்கால் உயரத்தில்,
ஐந்து வருஷமாகக் காலணி துடைக்கச் சாய்ந்த இடத்தில்,
ஒட்டின் தழும்பு.

டாம்சின் படிவம் அனுப்பியிருக்கிறாள்.
புதுப்பெயர்: கோடிட்ட இடம்.
க்ளெம் இரண்டு முறை தொலைபேசினார்.
இருந்த பெயரின் மேல் இன்னொன்றை எழுத
கை வரவில்லை.

ஜனவரியில் ஆறு குச்சி வெட்டி
ஈரத்தாளில் சுற்றிப்
பால் புட்டிக்குக் கீழே குளிரில் வைத்தேன்.
நாலு க்ளெமுக்கு, இரண்டு டாம்சினுக்கு.
பொட்டலத்தின் மேல் எதையாவது எழுதியாக வேண்டுமே.
எழுதினேன்:
கராஜுக்குப் பின்னால், ஆப்பிள்.